திண்ணையில் கிடக்கும் உப்பு மூட்டை

எடப்பாடியிலோ கொங்கணாபுரத்திலோ இரவு கடையைச் சாத்தும் மளிகைக்காரர் பருப்பு மூட்டையை உள்ளே இழுத்து வைப்பார், எண்ணெய் டின்னை உள்ளே வைப்பார், கல்லுப்பு மூட்டையை மட்டும் திண்ணையிலேயே விட்டுவிட்டுப் போவார். தமிழ்நாட்டில் பல ஊர்களில் இதுதான் வழக்கம். உப்பைத் திருடியவன் விளங்கமாட்டான் என்ற நம்பிக்கை அந்த மூட்டைக்கு ஒரு காவல். திருடினாலும் தேறாத சரக்கு என்பது இன்னொரு காவல். பனியும் வெயிலும் தூறலும் பட்டுக் கிடக்கும் அந்த மூட்டைக்கும், இன்று வீட்டுக்கு ஒருவர் சொல்லும் 'எனக்குத் தைராய்டு இருக்கு' என்ற வாசகத்துக்கும் தொடர்பு உண்டா? உண்டு. ஆனால் பேச்சு வழக்கில் சொல்லப்படுவதற்கு நேர் எதிரான தொடர்பு. அயோடின் கலந்த தூள் உப்புக்கு மாறியதால்தான் தைராய்டு வந்தது, பழையபடி கல்லுப்புக்குப் போனால் சரியாகிவிடும் என்பது ஊர்ப் பேச்சு. கல்லுப்பிலும் அயோடின் கலந்தே விற்க வேண்டும், அதைச் செய்யாத குற்றம் சமையல் செய்கிறவருடையது அல்ல, சட்டம் போட்டுவிட்டு உப்பளத்தை எட்டிப் பார்க்காத அரசுடையது என்பது என் வாதம்.

முதலில் கணக்கு. நியூட்ரிஷன் இன்டர்நேஷனல் அமைப்பும் புதுடெல்லி எய்ம்ஸும் இணைந்து 2018-19-இல் நடத்திய இந்திய அயோடின் ஆய்வில், நாட்டில் 76.3 விழுக்காடு வீடுகளில் போதிய அளவு அயோடின் உள்ள உப்பு இருந்தது. தமிழ்நாட்டில் 61.9 விழுக்காடு. பெரிய மாநிலங்களின் வரிசையில் கடைசி இடம். ஆந்திரம், ராஜஸ்தான், ஒடிசா, ஜார்கண்ட் எல்லாம் நமக்கு மேலே நின்றன. தாய்சேய் நலத்தில் எந்தப் பட்டியலை எடுத்தாலும் முன்வரிசையில் நிற்கிற மாநிலம் இது. போதாததற்கு, குஜராத்தை அடுத்து நாட்டிலேயே அதிகம் உப்பு விளைவிக்கும் மாநிலங்களில் ஒன்று. தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் என்று கடலோரம் நெடுக உப்பளங்களை வைத்துக்கொண்டு உப்பிலேயே கடைசியில் வந்து நிற்கிறோம். ஊர் பக்கத்திலேயே உப்பு விளைவதும் இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வெகுதூரத்திலிருந்து உப்பு வாங்கும் மாநிலத்துக்கு அது ஆலையில் பொட்டலம் கட்டப்பட்டுத்தான் வந்து சேரும். நமக்கோ உப்பளத்தில் அள்ளிய கையோடு சாக்கில் கட்டி லாரியில் ஏற்றினால் மறுநாள் சேலத்துக் கடையில் இறங்கிவிடும். நடுவில் அயோடின் தெளிக்கும் இயந்திரத்தைத் தொடாமலே அது எடப்பாடி அடுக்களை வரை வந்துவிட முடிகிறது.

அந்த அயோடின் எதற்கு? முன்கழுத்தில் பட்டாம்பூச்சி வடிவில் ஒட்டிக்கிடக்கும் தைராய்டு சுரப்பி, உடல் எவ்வளவு வேகத்தில் எரிபொருளைச் செலவிட வேண்டும் என்று கட்டளையிடும் சுரப்புநீரைச் செய்கிறது. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று அல்லது நான்கு அயோடின் அணுக்கள் இருக்கின்றன. வேறெதைப் போட்டும் அந்த இடத்தை நிரப்ப முடியாது. ('தைராய்டு இருக்கு' என்று சொல்வதே ஒரு வேடிக்கைதான். அது எல்லாருக்கும் இருக்கிறது. இருப்பதல்ல நோய், அது சரியாகச் சுரக்காததுதான் நோய்.) வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். எழுபது வயது வரைக்கும் கூட்டிப் பார்த்தாலும் நாலு கிராமைத் தொடாது, ஒரு தேக்கரண்டியில் அடங்கிவிடும். ஆனால் அந்தத் தேக்கரண்டியை ஒரே நாளில் விழுங்கிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. உடல் அதை ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்காது, அன்றாடம் துளித்துளியாகக் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் உலகம் உப்பைத் தேர்ந்தெடுத்தது. பணக்காரரும் ஏழையும், சைவமும் அசைவமும், நாள் தவறாமல் ஏறக்குறைய ஒரே அளவில் தின்னும் பண்டம் வேறு கிடையாது. கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடின் இருக்கும் உப்பில் 10 கிராம் சாப்பிட்டால் கணக்காக 150 மைக்ரோகிராம் வந்துவிடும். கடைக்கு வந்து சேரும்போது உப்பில் குறைந்தது இந்த அளவாவது இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது இதை வைத்துத்தான்.

பெரியவர்களுக்கு அயோடின் குறைந்தால் கழுத்தில் கழலை வரலாம், சோர்வு வரலாம். அது கண்ணுக்குத் தெரியும். வயிற்றில் வளரும் சிசுவுக்கு நேர்வது கண்ணுக்குத் தெரியாது. கருவின் சொந்தத் தைராய்டு முழுதாக வேலைக்கு வர ஐந்தாம் மாதம் ஆகிவிடும். அதுவரை மூளை நரம்புகள் இடம் பார்த்து அமர்வதற்குத் தேவையான சுரப்புநீரைத் தாயிடமிருந்துதான் கடன் வாங்க வேண்டும். தாய்க்கே பற்றாக்குறை என்றால்? கர்ப்பிணியின் தேவை நாளுக்கு 250 மைக்ரோகிராமாக உயர்கிறது. தான் கர்ப்பம் என்று ஒரு பெண் அறிவதற்கு முன்பே அந்தத் தேவை தொடங்கிவிடுகிறது. மருத்துவமனையில் பெயர் பதிந்து, அட்டை வாங்கி, சத்து மாத்திரை கைக்கு வருவதற்குள் முக்கியமான வாரங்கள் பல கழிந்திருக்கும். பிரிட்டனில் 1990களின் தொடக்கத்தில் கருவுற்ற 1,040 பெண்களின் சிறுநீரில் அயோடினை அளந்து, பிறந்த பிள்ளைகளை எட்டு, ஒன்பது வயது வரை தொடர்ந்த ஆய்வு 2013-இல் லேன்செட் இதழில் வெளியானது. கழலை கிழலை எதுவும் இல்லாத, லேசான குறைபாடு மட்டும் இருந்த தாய்மாரின் பிள்ளைகள் மொழித்திறனிலும் வாசிப்பிலும் பின்வரிசையில் நின்றது அதிகமாகக் காணப்பட்டது. ஒரு பிள்ளை ஐந்தாம் வகுப்பில் எழுத்துக் கூட்டித் திணறும்போது அதற்கு உப்பு காரணமாக இருக்குமோ என்று எந்தத் தாய்க்கும் தோன்றாது. வாத்தியாரைத் திட்டுவோம், செல்போனைத் திட்டுவோம், பிள்ளையை அடிப்போம்.

இனி ஊர்ப் பேச்சுக்கு வருவோம். 'முன்னெல்லாம் கல்லுப்புதான் போட்டோம், யாருக்குத் தைராய்டு இருந்துச்சு?' இந்தக் கேள்வியை ஏளனம் செய்து தள்ளிவிட முடியாது. அதில் உண்மை ஒன்று கலந்திருக்கிறது. எட்டு இந்திய நகரங்களில் 5,376 பேரைச் சோதித்து 2013-இல் வெளியான ஆய்வில் 10.95 விழுக்காட்டினருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருந்தது. பெண்களிடம் அது ஆண்களைவிட மூன்று மடங்கு. உப்பில் அயோடின் கலந்து பல ஆண்டுகளான பிறகும் இவ்வளவு பேர் என்றால் மாத்திரை போடுகிறவர்களுக்கு எரிச்சல் வருவது நியாயம். சிக்கல் என்னவென்றால், ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு நோய்களைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறோம். ஒன்று, மூலப்பொருளான அயோடின் கிடைக்காமல் சுரப்பி தவிப்பது. இன்னொன்று, உடலின் காவல்படையே சுரப்பியைப் பகையென்று எண்ணித் தாக்குவது. 1912-இல் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய அறுவை மருத்துவர் விவரித்த இந்த நோய் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. இன்று தைராய்டு மாத்திரை தின்னும் பெண்களில் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாவது வகை. முதலாவது, பாவு இல்லாமல் தறி நிற்பது போல. இரண்டாவது, பாவு இருந்தும் தறியே பழுதானது போல. பழுதான தறியைக் காட்டி, பாவு வாங்கியதுதான் தப்பு என்று சொன்னால் எடப்பாடித் தறிக்காரர் யாரும் ஒப்பமாட்டார்.

முன்பு யாருக்கும் இல்லை என்பதும் சரியல்ல. ரத்தத்தில் சுரப்புநீரை அளக்கும் சோதனை சிற்றூர் ஆய்வுக்கூடங்களுக்கு வந்ததே அண்மைக்காலத்தில்தான். அதற்கு முன் உடம்பு பெருத்து, குரல் கரகரத்து, எந்நேரமும் அசதியாகக் கிடந்த பெண்ணுக்கு 'சோம்பேறி' என்று பெயர். மாதவிலக்கு தாறுமாறானவளுக்கு 'சூட்டு உடம்பு'. இரவு பகலாகத் தார் சுற்றுகிற பெண்ணின் அசதியைத் தறியின் கணக்கிலேயே எழுதிவிடுவோம். பெயரில்லாத நோயை நோயில்லாத காலம் என்று நினைவில் வைத்துக்கொள்வது எளிது. அயோடின் குறைபாட்டை மலைநாட்டு நோய் என்று மருத்துவ உலகமே நெடுங்காலம் நினைத்தது. இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவர் வி. ராமலிங்கசாமியும் அவர் குழுவினரும் 1956-இல் தொடங்கிய ஆய்வு புகழ்பெற்றது. பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து இரண்டில் அயோடின் உப்பும் ஒன்றில் வெறும் உப்பும் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் அந்த இரண்டிலும் கழலை வெகுவாகக் குறைந்தது. வெறும் உப்புப் பகுதியில் அப்படியே நின்றது. அதைப் பார்த்துத்தான் 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. பிற்பாடு சமவெளிகளிலும் கடலோரங்களிலும்கூட ஆய்ந்து பார்த்தபோது, பார்த்த மாவட்டங்களில் பெரும்பாலானவற்றில் குறைபாடு தெரிந்தது. மலைகளுக்கு மட்டுமான திட்டம் நாடு முழுமைக்குமானது.

நம் வட்டாரத்துக்கே உரிய ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சேலம், நாமக்கல் சமவெளி குச்சிக்கிழங்கு பூமி. கிழங்கை அரைத்து ஜவ்வரிசியாக்கும் ஆலைகளும் காயப்போட்ட திப்பியும் இல்லாத சாலையே இல்லை எனலாம். குச்சிக்கிழங்கில் சயனைடை வெளியிடும் ஒரு பொருள் இயல்பாகவே இருக்கிறது. சரியாக வேகவைக்காமல் தின்றால் உடல் அந்த சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றும். தயோசயனேட்டு, தைராய்டு வாசலில் அயோடினுக்குப் போட்டியாக நின்று அதை உள்ளே விடாது. 1970களில் அன்றைய ஜைர் நாட்டில் பெல்ஜிய மருத்துவர்கள் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். மூன்று வேளையும் கிழங்கே உணவாக இருந்த, அயோடினும் கிடைக்காத ஊர்களில் கழலையும் மூளை வளர்ச்சிக் குறையும் மிகுந்திருந்தன. இதைப் படித்துவிட்டு யாரும் கிழங்கைத் தூக்கி எறிய வேண்டாம். நாம் அதைச் சோற்றுக்குப் பதிலாகத் தின்பதில்லை, வேகவைத்துத் தண்ணீரை வடித்து எப்போதோ தின்கிறோம். ஜவ்வரிசியாகும்போது பல தண்ணீர் கண்டு நஞ்சு பெரும்பாலும் கழிந்துவிடுகிறது. அந்த ஆய்வுகளில் நமக்கான பாடம் வேறு: போதிய அயோடின் இருந்தால் தயோசயனேட்டின் கை ஓங்குவதில்லை. கிழங்கு விளையும் நாட்டுக்கு அயோடின் உப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே வேண்டும் என்றுதான் இதற்குப் பொருள்.

அயோடின் உப்பே தைராய்டைக் கெடுக்கிறது என்ற வாதத்துக்குச் சான்றே இல்லையா? இருக்கிறது. டென்மார்க் 2000-இல் உப்பில் அயோடின் சேர்ப்பதைக் கட்டாயமாக்கிய பிறகு, தைராய்டு சுரப்புக் குறைவு புதிதாகக் கண்டறியப்படுவது ஓரளவு கூடியது. சீனாவில் மூன்று வட்டாரங்களை ஒப்பிட்டு 2006-இல் வெளியான ஆய்வில், அயோடின் தேவைக்கு மிஞ்சிய இடத்தில் ஹாஷிமோட்டோ வகை நோய் அதிகம் இருந்தது. அளவு மிஞ்சினால் அயோடினும் கெடுதல்தான். இதை மறைத்து அயோடினுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள், உண்மை வெளியே தெரியும் நாளில் மொத்த நம்பிக்கையையும் இழக்கிறார்கள். ஆனால் டென்மார்க் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். அந்த நாடு உப்பையும் நோயாளிகளையும் ஆண்டுதோறும் அளந்துகொண்டே இருந்தது. கிடைத்த கணக்கைப் பார்த்து 2019-இல் அயோடினைக் குறைக்கவில்லை, கிலோவுக்கு 13 மில்லிகிராமிலிருந்து 20 ஆக உயர்த்தியது. தராசின் ஒரு தட்டில் ரத்தச் சோதனையில் தெரிந்துவிடுகிற, அன்றாடம் ஒரு மாத்திரையில் அடங்குகிற பெரியவர்களின் நோய். மறு தட்டில் எந்த மாத்திரையாலும் திரும்பி வராத சிசுவின் மூளை. இரண்டும் ஒரே எடை அல்ல. 'மிஞ்சுமோ' என்ற அச்சத்துக்கு மருந்து அளந்து பார்ப்பதுதான், அடியோடு நிறுத்துவதல்ல. ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உப்பை மாற்றுவதால் மாத்திரை நின்றுவிடாது. உப்பை நம்பி மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து.

நகரத்து நடுத்தர வீடுகளில் இப்போது இந்துப்பு ஏறி வருகிறது. இளஞ்சிவப்பாக, அழகாக இருக்கிறது, விலையும் அதிகம். எண்பத்துச் சொச்சம் கனிமங்கள் உண்டு என்று பொட்டலத்தில் போட்டிருப்பார்கள். தேவையான ஒன்று தேவையான அளவில் அதில் இல்லை. கடலில் அயோடின் இருக்கிறதே, கடலுப்பில் இருக்காதா என்றும் கேட்பார்கள். கடல்நீரில் இருப்பதே சொற்பம். வெயிலில் ஆவியாகி உப்பு பூக்கும்போது அதிலும் பெரும்பங்கு தங்குவதில்லை.

அடுத்தது உரிமை பற்றிய வாதம். இதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். உப்பில் அரசு கைவைப்பதை எதிர்க்க இந்த வட்டாரத்துக்கு வரலாற்று உரிமை உண்டு. 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிய சேலத்து வழக்கறிஞர் ராஜாஜிதான், 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்துபோய் உப்பு அள்ளினார். அன்று அரசு உப்புக்கு வரி போட்டது, இன்று அரசு உப்புக்கு விதி போடுகிறது, என்ன வேறுபாடு என்று கேட்பவர் உண்டு. சாதா உப்பு விற்பனைக்கு 1998-இல் வந்த தடை, இது மக்களின் விருப்பம் என்று சொல்லி 2000-இல் நீக்கப்பட்டது. 2006-இல் மீண்டும் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011 ஜூலையில் அந்த விதியே சட்ட வரம்பை மீறியது என்று தீர்ப்பாயிற்று. ஆனால் அதே ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த புதிய விதிமுறை அதே தடையை மறுபடி கொண்டுவந்துவிட்டது. இப்படி மாறி மாறி வந்த விதியை மக்கள் ஐயத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை. பெரிய நிறுவனங்களின் தூள் உப்புக்குச் சந்தை பிடித்துக் கொடுக்க வந்த திட்டம் இது என்ற சந்தேகம், சிறு உப்பள உழவர்கள் நசுக்கப்பட்டதைப் பார்த்தவர்களுக்குத் தோன்றத்தான் செய்யும். வேறுபாடு இதுதான்: வரி உப்பை ஏழைக்கு எட்டாத பொருளாக்கியது. அயோடின் கலக்க ஆகும் செலவு கிலோவுக்குச் சில பைசா. தன் தட்டில் என்ன போட வேண்டும் என்று தீர்மானிக்க முடியாத சிசுவின் சார்பில் யாராவது ஒருவர் பேசத்தான் வேண்டும். அதே சமயம், நிறுவனங்களைப் பற்றிய சந்தேகத்துக்குப் பதிலும் அரசிடம்தான் இருக்கிறது. அயோடின் உப்பு என்றால் தூள் உப்பு என்று யார் சொன்னது?

அதுதான் இந்த விவகாரம் முழுவதிலும் நடந்த பெரிய பிசகு. அயோடின் பிரசாரம் தூள் உப்பின் விளம்பரமாகவே மக்களிடம் போய்ச் சேர்ந்தது. கல்லுப்பு நம்மிடம் வெறும் சுவைப் பொருள் அல்ல. வெள்ளிக்கிழமை வாங்குவது, புதுவீட்டுக்கு மஞ்சளோடு முதலில் கொண்டுபோவது, பிள்ளைக்குச் சுற்றிப் போடுவது எல்லாம் அதுதான். ஊறுகாய்க்கும் வடகத்துக்கும் கைப்பிடி அளவு பழகிப்போனது. அதை விட்டுவிடு என்று சொன்ன பிரசாரம் பாதி வீடுகளின் வாசலிலேயே நின்றுவிட்டது. கல்லுப்பின் மேல் பொட்டாசியம் அயோடேட் கரைசலைத் தெளித்தால் அதுவும் அயோடின் உப்புதான். அதற்குப் பெரிய ஆலை வேண்டாம், உப்பளத்து ஓரத்தில் சுழலும் பட்டையும் தெளிப்பானும் போதும். நம் அரசுக்கே இது தெரியும். 1974-இல் தொடங்கிய தமிழ்நாடு உப்புக் கழகத்துக்கு ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பளம் இருக்கிறது. 2014-இல் அம்மா உப்பு என்றும் 2022-இல் நெய்தல் உப்பு என்றும் அது கடைக்கு வந்தது. நெய்தலில் கல்லுப்பும் உண்டு. ஆட்சிக்கு ஆட்சி பெயர் மாறியதே தவிர, சந்தையில் சாக்கு மூட்டையாக இறங்கும் உப்பை அது தொடவில்லை.

சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. தொழிற்சாலைக்கும், கால்நடைக்கும், பதப்படுத்துவதற்கும் அயோடின் இல்லாத உப்பை விற்கலாம். இது நியாயமான விலக்குத்தான். தோல் பதனிடவும் துணிக்குச் சாயம் போடவும் அயோடின் எதற்கு? பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் சாயப்பட்டறைகளுக்கு லாரி லாரியாக உப்பு போகிறது. ஆனால் 'உணவுக்கு அல்ல' என்று பொடி எழுத்தில் அச்சிட்ட பையும், எதுவுமே அச்சிடாத சாக்கும் சில்லறைக் கடைக்குள் நுழைந்துவிட்டால், கரண்டி எடுப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. கடைக்காரருக்கே தெரியாது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் எடப்பாடிக் கடையில் மாதிரி எடுத்து, சிறு வியாபாரிக்கு அபராதம் போடுவது கடைசிக் கண்ணியைப் பிடித்து உலுக்குவது. உப்பு புறப்படும் இடங்கள் சில நூறு, போய்ச்சேரும் கடைகள் பல்லாயிரம். எண்ணிக்கை குறைந்த இடத்தில் காவல் வைப்பதுதான் புத்திசாலித்தனம். சிறு உற்பத்தியாளர்களுக்குக் கூட்டாகத் தெளிப்பு இயந்திரமும், சிலி, ஜப்பான் போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதியாகும் அயோடினிலிருந்து செய்யும் அயோடேட்டை மானிய விலையிலும் கொடுத்துவிட்டு, அதன் பிறகு விதியைக் கடுமையாக்கினால் யாரும் குறை சொல்ல முடியாது. ரேஷன் கடையில் அயோடின் கலந்த கல்லுப்பு நிலையாகக் கிடைத்தால் சந்தை தானாக வழிக்கு வரும்.

உப்பைக் குறையுங்கள் என்று ரத்த அழுத்தத்துக்கு மருத்துவர் சொல்கிறார், நீங்கள் உப்பில் மருந்து வைக்கிறீர்களே என்றொரு கேள்வியும் வரும். இரண்டும் மோதவில்லை. உப்பு குறையும்போது கிலோவுக்குக் கலக்கும் அயோடினைச் சற்றுக் கூட்டினால் சரியாகிவிடும். கூட்டுவதற்கு முன் அளக்க வேண்டும். நாடு தழுவிய ஆய்வில் பெண்களின் சிறுநீரில் அயோடின் சராசரியாகப் போதுமான அளவில் இருந்தது என்பதைக் காட்டி, கவலை வேண்டாம் என்று சொல்லும் நிபுணர்களும் உண்டு. ஆற்றின் சராசரி ஆழம் மூன்றடி என்று கேட்டு பூலாம்பட்டித் துறையில் காவிரிக்குள் யாரும் இறங்கமாட்டார்கள். தேவை யாருக்கு மிக அதிகமோ, அந்தக் கர்ப்பிணியின் கணக்கு தனியாக வேண்டும், வட்டாரம் வட்டாரமாக வேண்டும். உப்பில் ஒரு சொட்டு விட்டால் அயோடின் இருந்தால் ஊதா நிறமாகும் சோதனைக் குப்பிகள் கிடைக்கின்றன. ஊரகப் பள்ளிகளில் பிள்ளைகளை வீட்டு உப்பில் ஒரு கை கொண்டுவரச் சொன்னால், ஒரே வாரத்தில் எடப்பாடி வட்டத்தின் உப்புப் படம் கிடைத்துவிடும். அளவை நுட்பமாகச் சொல்லாது என்றாலும், எந்தத் தெருவுக்கு வெறும் உப்பு வருகிறது என்பதைச் சொல்லிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணியின் முதல் ரத்தச் சோதனையோடு தைராய்டு அளவையும் தவறாமல் பார்த்தால், உப்பால் தீராத அந்த இரண்டாவது வகை நோயும் அப்போதே பிடிபடும்.

கல்லுப்பில் தெளித்த அயோடின் கல்லின் மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கும் என்பதையும் கடைக்காரரிடம் சொல்லியாக வேண்டும். ஈரம் கசிந்து மூட்டையின் அடியில் நீர் இறங்கினால் அதோடு அதுவும் இறங்கிவிடும். வீட்டிலும் அழுக்குப் போக உப்பைக் கழுவிக் கொட்டினால் முதலில் போவது அதுதான். அயோடின் கலந்த கல்லுப்பு என்றைக்கு எடப்பாடிக்கு வந்து சேர்கிறதோ, அன்று முதல் மளிகைக்காரருக்கு இரவில் ஒரு வேலை கூடுதல். பருப்பு மூட்டையோடு உப்பு மூட்டையையும் உள்ளே இழுத்து வைக்க வேண்டும்.